சேரி: முன்னொட்டு போனது, இழிவு நின்றது

கல்மண்டபத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்டார்: "வேளச்சேரின்னா வாடகை ஏறுது. வெறும் சேரின்னா வீடே கிடைக்கல. ஏன்க்கா?"

சேர்ந்து வாழும் இடம் சேரி என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. கன்னடத்தில் இதே சொல் 'கேரி'. நம் செவி அங்கே 'கிவி' ஆக இருப்பதுபோல. ஆனால் 'சேர்' என்ற வினை கன்னடத்திலும் 'சேரு'தான். இரண்டும் ஒரே வேராக இருந்தால் ஒன்று மட்டும் ஏன் ககரத்தில் தொடங்க வேண்டும்?

கன்னடத்தில் கேரி என்றால் தெரு. குடகு அரசர் முத்துராஜாவின் தலைநகரே மடிகேரி. மலையாளத்தில் தலச்சேரி, சங்கனாச்சேரி என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. தமிழிலும் அப்படித்தான் இருந்தது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) தேர்தல் பெருமைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பிராமண ஊர் பன்னிரண்டு சேரிகளாகப் பிரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆம் தோழர்களே, பிராமணர் குடியிருந்ததும் சேரிதான்.

அடுத்த நூற்றாண்டு. ராஜராஜன் கால தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறையிலி நிலங்களின் பட்டியல் வருகிறது: பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி. அதே கோயிலில் ஆடல் மகளிர் குடியிருந்தது தளிச்சேரி. தீட்டு இருந்தது ஒட்டில் அல்ல, அதற்கு முன்னே நின்ற சொல்லில். கன்னடத்திலும் 'ஹொலகேரி' என்றால்தான் ஊருக்கு வெளியே என்று பொருள்.

பிறகு நடந்ததுதான் விஷயம். பிராமணர் தெரு அக்கிரகாரம் ஆனது. நம்முடையதில் முன்சொல் உதிர்ந்து, சேரி மட்டும் தனியே நின்று அதன் பாரத்தையும் சுமந்தது. இன்று பத்திரிகைகள் நகரத்துக் குடிசைப் பகுதி எல்லாவற்றையும் சேரி என்றே எழுதுகின்றன.

அந்த இடத்துக்கு 'காலனி' வந்தது. ரோமானியர் குடியமர்ந்த ஊருக்கு லத்தீனில் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயரே அதுதான். இங்கே வங்கி ஊழியர் காலனி என்றால் மரியாதை, வெறும் காலனி என்றால் சாதி. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம்.

அந்த மாணவி விடவில்லை. "எங்க பாட்டி ஊர்ல சுடுகாடு ரெண்டுக்கா. ஊர் சுடுகாடு, காலனி சுடுகாடு. இனி ரெண்டாவதை என்னன்னு சொல்வாங்க?"