மேஸ்திரி நோட்டீஸில் வந்த கட்டம்

அப்பா காலத்தில் திசையன்விளையில் எங்கள் அச்சகம் ட்ரெடில் மிஷினில் ஓடியது. தை பிறப்பதற்கு முன்பே மேஸ்திரிமார் நோட்டீஸ் அடிக்க வந்துவிடுவார்கள். வெள்ளையடிப்பு, தட்டோடு பதிப்பு, ஒழுகும் தளத்துக்குப் பூச்சு எல்லாம் அதில் இருக்கும். பாதி நோட்டீஸ் ஊருக்குள் போகும். மீதி, இங்கே வீட்டையும் சென்னை, மும்பையில் கடையையும் வைத்திருந்த அண்ணாச்சிமாருக்குத் தபாலில் போகும். உறையை ஒட்டாமல் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் செலவு குறைவு. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்த பிறகு முகவரியின் கீழே 627657 சேர்ந்தது.

செய்த வேலையை மட்டும் அந்தத் தாளால் காட்ட முடியவில்லை. உவரிக் கடல்காற்று கம்பியைத் துருவேற்றி, மச்சில் காரையைப் பெயர்த்துவிடும். அதைச் சரிசெய்தவரின் கைத்திறன் மும்பையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சொந்தக்காரர் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

அந்தக் குறை பிற்பாடு தீர்ந்தது கியூஆர் கோடு என்ற கட்டத்தால். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா அதை உருவாக்கியது கார் உதிரிபாகங்களுக்காக. பழைய பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துதான் அடங்கும். இதில் வெறும் எண்கள் என்றால் 7,000க்கு மேல். அதன் மூன்று மூலைச் சதுரங்களைக் கவனியுங்கள். நடுவே எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் கருப்பு வெள்ளை 1:1:3:1:1 என்றே வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் அலசித்தான் அதைத் தேர்ந்தார்கள். அச்சுத்தாளைப் படித்துப் பிறந்த கட்டம் என்பதாலேயே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை. காப்புரிமை கையில் இருந்தும் அந்த நிறுவனம் யாரிடமும் காசு கேட்கவில்லை.

2011 கோடையில், இத்தகைய கட்டம் அச்சிட்ட விளம்பரத் தபாலுக்கு அமெரிக்க அஞ்சல் துறை 3 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. நம் பக்கம் இதைப் பழக்கியவை 2018இன் புதிய பாடப்புத்தகங்களும் டீக்கடையில் பணம் கட்டும் அட்டையும்தான்.

இப்போது மேஸ்திரி நோட்டீஸிலும் கட்டம் வந்துவிட்டது. போனைக் காட்டினால் பெயர்ந்த மச்சும் பூசி முடித்த மச்சும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. ஆனால் இடம் மிச்சம் பிடிக்கக் கட்டத்தைச் சுருக்கச் சொல்கிறார்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், சுற்றிலும் நான்கு சிறுகட்ட அகலம் வெள்ளை விட்டும் போட்டால்தான் போன் தடுமாறாமல் படிக்கும்.

மேஸ்திரி அண்ணாச்சிமாரே, கட்டத்துக்குள் நீங்கள் செய்த வேலையின் படத்தை மட்டும் வையுங்கள். போன் நம்பரைக் கட்டத்துக்கு வெளியே பெரிதாகவே போடுங்கள். பல வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு இன்னும் அதுதான் வழி.