அம்மன் காலடியில் ஒருவன்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் பார்த்ததுமே களைத்துவிடுகிறார்கள். கலங்கரை விளக்கத்தின் பக்கம் பாறைமேல் ஏறினால் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. அந்த ஊரில் ஒரே ஒரு சிற்பத்தைத்தான் பார்க்கலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால், நான் அங்கேதான் போவேன்.

குகையின் ஒரு பக்கச் சுவரில் திருமால் அரவணையில் உறங்குகிறார். எதிர்ச் சுவரில் தேவி போர் புரிகிறாள். இது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. திருமாலின் கண்களில் நித்திரையாகத் தங்கியிருந்த தேவி விலகியதும் அவர் விழித்தெழுந்து மதுகைடபரை வென்றார் என்பது தேவி மாகாத்மியத்தின் முதற் கதை. மகிஷ வதம் அதற்கு அடுத்த கதை. அங்கே உறக்கமாக இருந்தவளும் அவளே. இங்கே போராக வருகிறவளும் அவளே.

போர்க் காட்சியில் அவள் சிங்கத்தின் மீது வீற்றிருக்கிறாள். எட்டுக் கைகள், வில் வளைந்திருக்கிறது. ஆனால் உடம்போ மெலிந்த இளம் பெண்ணின் உடம்பு. எதிரே மகிஷன், மனித உடலும் எருமைத் தலையுமாக, இரு கைகளாலும் கதையைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். அவள் அளவுக்கு மேல் பெரியவன். அவன் தலைக்கு மேலும் குடை பிடித்திருக்கிறார்கள்! பல்லவச் சிற்பி பகைவனின் ராஜ மரியாதையைக் குறைக்கவில்லை. உடல் மட்டும் சற்றே பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. முடிவைச் சொல்லாமலே முடிவை உணர்த்திவிடுகிறது அந்தச் சாய்வு. கதை எழுதுகிற எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அதே ஊரில் ஆதிவராகர் குகைக்குப் போனால் போர் முடிந்துவிட்டது. வெட்டுண்ட எருமைத் தலைமேல் தேவி சாந்தமாக நிற்கிறாள். ஒரு பக்கம் சிங்கம். மறு பக்கம் மான். மான் நம் கொற்றவையின் ஊர்தி. வேட்டுவர் வணங்கிய அவளை எருமைத் தலைமேல் நிற்பவளாகவே சிலப்பதிகாரமும் காட்டுகிறது. வடக்கே பிறந்த புராணமும் பாலை நிலத்துத் தெய்வமும் ஒரே கல்லில் ஒன்றாகிவிட்டன.

திரௌபதி ரதத்தின் கருவறையில் அவள் காலடியைப் பாருங்கள். இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் இடக்கையால் தன் குடுமியைப் பிடித்து, வலக்கை வாளைத் தன் கழுத்திலேயே வைத்திருக்கிறான். இது தலையையே காணிக்கையாகத் தரும் காட்சி என்று ஃபோகல் என்ற டச்சு அறிஞர் 1931இல் எழுதினார். சிற்பியின் கற்பனை என்று இதைத் தள்ள முடியாது. ஆந்திரப் பகுதியிலுள்ள மல்லத்தில், பல்லவன் கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு, ஒருவன் உடலின் ஒன்பது இடங்களில் சதையை அரிந்து, பிறகு தலையையும் அறுத்துப் படாரியின் பீடத்தில் வைத்ததாகக் கூறுகிறது. கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலிலும் வீரர்கள் இதையே செய்கிறார்கள்.

10ஆம் நூற்றாண்டில் சோழர்கள் இந்தத் தேவியைச் சிவன் கோயிலின் வடக்குச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். தஞ்சைக்கு அருகே புள்ளமங்கையில் குடையின் கீழ் நிற்கும் துர்க்கை அவர்கள் கலையின் சிகரம். அங்கும் சிங்கம், மான், எருமைத் தலை. அங்கும் காலடியில் தன்னையே அரிந்து கொடுக்கும் வீரர்கள்.

இன்று அந்த வடக்குக் கோஷ்டத்தின் முன்னால் பெண்கள் ராகு காலத்தில் எலுமிச்சம்பழ மூடியில் விளக்கேற்றுகிறார்கள். மகளுக்கு வரன் அமைய வேண்டும். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும். பல கோயில்களில் சாற்றிய புடைவை எருமைத் தலையை மறைத்துவிடுகிறது. காலடியில் கழுத்தை நீட்டியவன் இருந்தால் அவனும் மறைந்துபோகிறான்.

அதில் எனக்குக் குறையில்லை. கழுத்தைக் கேட்டவளாக நினைத்த அதே தெய்வம் எலுமிச்சம்பழத்தோடு திருப்தியடைவதாக மக்கள் நம்பத் தொடங்கியது சின்ன நாகரிகமல்ல. ஆயினும் அவளுக்குக் குடை பிடித்த அரசர்களின் வெற்றிகளை ஏடுகள் விரிவாகச் சொல்கின்றன. வாளேந்திய அவன் பெயரைத் திரௌபதி ரதத்தில் யாரும் வெட்டி வைக்கவில்லை. அவன் முகத்தையாவது நாம் ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கலாம்.