புவியியல் மாணவரின் வெளிநாட்டு மேற்படிப்பு: நாட்டுக்கு முன் கேள்வியைத் தெரிவு செய்யுங்கள்

பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் ஒருவர், "வெளிநாடு போய் மேற்படிப்புப் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எந்த நாட்டுக்கு?" என்பதுதான். முகவர் நிலையங்களும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குகின்றன. ஆனால் முதலில் விடை காண வேண்டிய கேள்வி அதுவல்ல. "போய் எதைப் படிக்கப் போகிறாய்?" என்பதே அது.

முகவர்களில் பலருக்கு வருமானம், மாணவர் கட்டும் கட்டணத்தில் பல்கலைக்கழகம் தரும் தரகிலிருந்து வருகிறது. கட்டணமே இல்லாத கற்கைநெறியையோ முழுப் புலமைப்பரிசிலையோ அவர்கள் எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் இல்லை. புவியியல் பட்டதாரி ஒருவர் வியாபார முகாமைத்துவத்துக்கு அனுப்பப்பட்டு, காணியையும் நகையையும் விற்ற பணம் ஒரே வருடத்தில் கரைந்து போவது இப்படித்தான். வட்டிக்குக் கடன் வாங்க விரும்பாத குடும்பங்களுக்கு இந்தத் தவறைத் திருத்த இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பது அரிது. எனவே முன்கூட்டிய திட்டம் அவசியமாகிறது.

புவியியல் என்ற பெயரில் மட்டும் தேடாதீர்கள்

நமது நாட்டில் புவியியல் பெரும்பாலும் கலைப் பீடத்துக்குள் கற்பிக்கப்படுகிறது. ஜேர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் அது பல இடங்களில் புவி விஞ்ஞானப் பீடத்தின் கீழ் வருகிறது. அதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பெயர். நீங்கள் தேடும் கற்கைநெறி புவித் தகவலியல், அனர்த்த முகாமைத்துவம், நீர்வள முகாமைத்துவம், நகரத் திட்டமிடல், அபிவிருத்திக் கற்கைகள், இடப்பெயர்வுக் கற்கைகள் என வேறு பெயர்களில் இருக்கலாம். "புவியியல் முதுமாணி" என்று மட்டும் தேடினால் இவற்றில் பாதி கண்ணில் படாது.

இரண்டாவது, அனுமதித் தகைமை. தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை எனப்படும் ஜி.ஐ.எஸ். ஆகியவற்றில் சில கற்கைநெறிகள் கணிதம், புள்ளிவிபரவியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றில் இத்தனை திறமைப் புள்ளிகள் இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கின்றன. இதை இறுதி வருடத்தில் அறிந்தால் காலம் கடந்துவிடும். இரண்டாம் வருடத்திலேயே அறிந்தால், விருப்பப் பாடங்களை அதற்கேற்பத் தெரிவு செய்யலாம். மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்பதும் இங்கே முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்கு வருடப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன.

உங்கள் ஊரில் உள்ள கேள்வி

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையோரங்களில் கடல் நிலத்தை அரித்துக்கொண்டு உள்ளே வந்ததை அப்பகுதி மக்கள் கண்ணால் கண்டார்கள். தென்னந்தோப்புகளும் தோணி இழுத்து வைக்கும் கரையும் போயின. கரையோரமாக மணல் நகர்வதை அலைத்தடுப்பு மறித்தால் ஒரு பக்கத்தில் மணல் சேரும், மறுபக்கத்தில் கரை தேயும் என்பது பௌதிகப் புவியியலின் அடிப்படைப் பாடம். எவ்வளவு தேய்ந்தது, எந்த வேகத்தில், இனி எங்கே என்பது ஒரு முதுமாணி ஆய்வுக்குரிய கேள்வி.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் வாழ்ந்ததும், மீள்குடியேற்றத்தின் இழுபறிகளும் மானிடப் புவியியலுக்குரியவை. 2014இல் மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் குடியிருப்புகளை மூடிய மண்சரிவுகள் இடர்ப் புவியியலுக்குரியவை.

இவற்றில் எது உங்களை உறங்கவிடாத கேள்வியோ, அதுவே எந்தத் துறை, எந்த ஆய்வுகூடம், எந்த மேற்பார்வையாளர் என்பதைத் தீர்மானிக்கும். நாடு தானாகவே பின்னால் வரும்.

இதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தார். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் அகதி வாழ்வையும் எண்களாகவும் வரைபடங்களாகவும் ஆவணப்படுத்தினார். 2018இல் அவர் காலமானபோது அந்தச் சமூகத்தின் இழப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆவணங்கள் அவரது உழைப்பால் எஞ்சி நின்றன. வெளிநாட்டில் கற்ற ஆய்வுமுறை ஊரின் கேள்விக்குப் பயன்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எங்கே படிக்கலாம்?

ஜி.ஐ.எஸ்., தொலையுணர்வுத் துறைக்கு நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலுள்ள ஐ.டி.சி. பெயர் பெற்றது. வளர்முக நாடுகளில் வரைபடத் தயாரிப்பில் ஈடுபடுவோரைப் பயிற்றுவிக்க 1950இல் டெல்ஃப்ட் நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2010இல் துவென்தே பல்கலைக்கழகத்தின் பீடமானது. அதன் ஒத்துழைப்புடன் 1966இல் உருவானதே இந்தியாவின் டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். ஐக்கிய நாடுகள் சபையுடன் இணைந்த ஆசிய பசிபிக் விண்வெளி விஞ்ஞானக் கல்வி நிலையமும் 1995 முதல் டேராடூனில் இயங்குகிறது. பிராந்திய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு தொலையுணர்விலும் ஜி.ஐ.எஸ்.இலும் பட்டப்பின் டிப்ளோமா கற்கையை அது நடத்துகிறது. வீட்டுக்குக் கிட்ட, குறைந்த செலவில் தொடங்க நினைப்பவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். தாய்லாந்திலுள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகமும் இத்துறையில் முதுமாணிக் கற்கையை வழங்குகிறது.

ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிகளும் உண்டு. ஜேர்மனியின் மூன்ஸ்டர், போர்த்துக்கலின் லிஸ்பன், ஸ்பெயினின் காஸ்தெயோன் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் புவிசார் தொழில்நுட்ப முதுமாணி இவ்வகையைச் சேர்ந்தது.

மானிடப் புவியியல், இடப்பெயர்வு ஆகியவற்றுக்கு நோர்வேயின் துரொந்தைம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் பற்றி அங்குள்ள புவியியலாளர்கள் நீண்ட காலம் ஆய்வு செய்திருக்கிறார்கள். உங்கள் ஊரை ஏற்கனவே அறிந்த மேற்பார்வையாளர் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

பட்டப்படிப்பின் நடுவில் ஒரு அரையாண்டு மட்டும் வெளிநாட்டில் கற்கும் பரிமாற்றத் திட்டங்களும் உள்ளன. இவை பெரும்பாலும் இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே உடன்படிக்கை இருந்தால்தான் சாத்தியம். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே பெறும் திறமைப் புள்ளிகள் இங்கே கணக்கில் எடுக்கப்படும் என்பதை எழுத்தில் பெற்ற பின்பே புறப்படுங்கள்.

பணம்: எந்தப் புலமைப்பரிசில் யாருக்கு?

புலமைப்பரிசில்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

புதிதாகப் பட்டம் பெற்றவருக்குத் திறந்திருப்பவை:

- எராஸ்மஸ் முண்டுஸ்: மாதம் 1,400 யூரோ, கூடியது 24 மாதங்கள். கல்விக் கட்டணம் இல்லை. இறுதி வருட மாணவரும் விண்ணப்பிக்கலாம்.
- துருக்கி அரசின் புலமைப்பரிசில்: கட்டணம், விடுதி, மாதாந்தக் கொடுப்பனவு, விமானச் சீட்டு, முதலில் ஒரு வருட துருக்கி மொழிக் கல்வி. முதுமாணிக்கு 30 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும்.
- ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் திட்டம்: 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. ஆய்வுத் திட்டமே இதன் உயிர்நாடி.
- இந்திய அரசு இலங்கையர்களுக்கு வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில்: முதுமாணிக் கற்கைக்கு.

தொழில் அனுபவம் கேட்பவை:

- பிரித்தானியாவின் செவனிங்: குறைந்தது 2 வருட அனுபவம். படிப்பு முடிந்ததும் 2 வருடங்கள் நாட்டில் இருக்க வேண்டும்.
- ஜேர்மனியின் டாட் அமைப்பு, அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்கு வழங்கும் புலமைப்பரிசில்: 2 வருட அனுபவம். பட்டம் 6 வருடங்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

பட்டம் முடித்து முதல் வகையில் கிடைக்கவில்லை என்றால் அது தோல்வியல்ல. பிரதேச செயலகத்திலோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ இரண்டு வருடம் பணியாற்றினால் இரண்டாவது வகையின் கதவு திறக்கும். ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும், உறுப்புரிமை இல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்குப் புலமைப்பரிசில் திட்டம் நடத்திவருகிறது. அந்தந்த வருடத்தின் தகுதியான நாடுகளையும் துறைகளையும் வங்கியின் இணையத்தளத்திலேயே சரிபாருங்கள்.

சொந்தச் செலவில் போக நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட வேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோர் அரையாண்டுக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். ஆனால் "இலவசம்" என்ற சொல்லை நம்பிப் புறப்பட முடியாது. 2024 செப்டம்பர் முதல் உள்ள விதிப்படி வீசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைப்பிட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பும். இருந்தும் முதலில் அதைத் திரட்ட வேண்டுமே!

பின்னிருந்து எண்ணும் நாட்காட்டி

செப்டம்பர் அல்லது ஒக்டோபரில் வகுப்புத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

18 மாதங்களுக்கு முன்: ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி விரிவுரையாளரிடம் காட்டுங்கள். ஆறேழு கற்கைநெறிகளின் தகைமைகளைப் பட்டியலிடுங்கள்.

15 மாதங்களுக்கு முன்: கடவுச்சீட்டு. ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்கான தயாரிப்பு. அதன் பெறுபேறு 2 வருடங்களுக்கே செல்லும் என்பதால் மிக முந்தியும் எழுத வேண்டாம்.

12 மாதங்களுக்கு முன்: செவனிங் வழமையாக ஒக்டோபரில் மூடப்படும். எராஸ்மஸ் முண்டுஸ் கற்கைகளில் பல ஒக்டோபரில் திறந்து ஜனவரியில் மூடப்படும்.

8 மாதங்களுக்கு முன்: துருக்கி விண்ணப்பம் வழமையாக ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை. மெக்ஸ்ட் விண்ணப்பம் ஏப்ரல், மே அளவில் தூதரகம் ஊடாகக் கோரப்படும், பயணம் அடுத்த வருடத்தில்தான்.

கடைசி 4 மாதங்கள்: வீசா, விடுதி, மருத்துவக் காப்புறுதி.

தமிழ் மொழிமூலம் கற்றவர்கள் ஆங்கிலத்துக்கு மேலும் ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஆங்கில மொழிமூலம் கற்றதற்கான பல்கலைக்கழகக் கடிதம் சில இடங்களில் பரீட்சைக்குப் பதிலாக ஏற்கப்படும், அந்த வசதி நமக்கு இல்லை. இது குறைபாடல்ல, கூடுதலாக நேரம் தேவைப்படும் விடயம், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை வலுப்படுத்துவது எது?

புள்ளிகளுக்கு அடுத்தபடியாகத் தெரிவுக் குழுவைக் கவர்வது, நீங்கள் ஏற்கனவே செய்து காட்டிய வேலை. அதற்குப் பணம் தேவையில்லை. கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் செய்மதிப் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதி 10 மீற்றர் நுணுக்கத்தில் படம் தருகிறது, அதுவும் இலவசம். துறைமுகத்துக்கு முன்னும் பின்னுமான ஒலுவில் கரையோரத்தை இவற்றைக் கொண்டு நீங்களே வரைந்து ஒப்பிடலாம். அப்படி ஒரு வரைபடமும் இரண்டு பக்க விளக்கமும், "எனக்குச் சிறு வயதிலிருந்தே புவியியல் பிடிக்கும்" என்று தொடங்கும் நோக்கக் கூற்றைவிடப் பல மடங்கு பேசும்.

சிபாரிசுக் கடிதம் தரும் விரிவுரையாளருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். உங்கள் சுயவிபரம், நோக்கக் கூற்று, கடைசித் திகதி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, தேவையெனில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துங்கள். பெயரின் ஆங்கில எழுத்து எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பெற்றோருடன் பேசும்போது

புவியியலில் களப்பணி கட்டாயம். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கேள்விகள் நியாயமானவை. களப்பணி எத்தனை நாள், எங்கே தங்குவது, பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, அங்கே ஏற்கனவே நம் நாட்டு மாணவியர் இருக்கிறார்களா என்பதைக் கற்கைநெறி இணைப்பாளருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வீட்டில் காட்டுங்கள். பொதுவான வாக்குறுதியைவிட எழுத்தில் வந்த பதில் மனதைத் தேற்றும்.

அகலாங்கைப் படித்தவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் என்ஸ்கெடேயில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ளுஹரும் அஸரும் மஃரிபும் சில மணித்தியாலங்களுக்குள் வந்துவிடும். வகுப்பு நேர அட்டவணை கிடைத்ததுமே பல்கலைக்கழகத்தில் தொழுகை அறை எங்கே என்று விசாரித்து வைப்பது நல்லது.

புறப்படும் முன்

ஊரைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் ஊரின் தரவுகளை இங்கிருக்கும்போதே திரட்டுங்கள். நில அளவைத் திணைக்கள வரைபடங்கள், பிரதேச செயலகப் புள்ளிவிபரங்கள், மீனவர் சங்கத்தின் பழைய கடிதங்கள் ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் பெறுவது மிகக் கடினம். கடல் முன்பு எங்கே இருந்தது என்று கையால் சுட்டிக்காட்டக்கூடிய முதியவர்களிடமும் ஒருநாள் போய் உட்காருங்கள். அவர்கள் காட்டும் எல்லை எந்தச் செய்மதிப் படத்திலும் இல்லை. நீங்கள் திரும்பி வரும்போது அவர்கள் இருப்பார்களா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.