ஜார்ஜ் பீபடி சிலை, இலண்டன்

ஜார்ஜ் பீபடி சிலை, இலண்டன் நகரின் வணிக மையத்தில் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் அருகே அமைந்துள்ள வெண்கலச் சிலையாகும். பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் அமைக்கப்பட்ட இச்சிலையை 1869 சூலை 23 அன்று வேல்சு இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர்) திறந்துவைத்தார். அன்று பீபடி உயிருடன் இருந்தார், ஆனால் விழாவில் இல்லை. உடல் நலிந்த நிலையில் அமெரிக்காவில் இருந்தார்.

பீபடி 1795-இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் டான்வர்சு ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு சில ஆண்டுகளே. பதினொரு வயதில் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் எலிசா ரிக்சுடன் கூட்டாகத் துணி வணிகம் செய்து பால்டிமோரில் வளர்ந்தார். 1837-இல் இலண்டனில் குடியேறி, அமெரிக்கக் கடன் பத்திரங்களை விற்கும் வங்கியாளரானார். 1857 நெருக்கடியில் அவரது நிறுவனம் இங்கிலாந்து வங்கியின் கடனுதவியால்தான் தப்பியது. 1854-இல் அவர் கூட்டாளியாகச் சேர்த்த ஜூனியசு மார்கனின் பெயரில் அந்நிறுவனம் பின்னர் தொடர்ந்தது; ஜே. பி. மார்கன் அவருடைய மகன்.

திருமணம் செய்யாத பீபடி தன் செலவில் மிகவும் சிக்கனமானவர். அத்தகையவர் 1862-இல் இலண்டன் ஏழைகளின் நலனுக்காக ஒன்றரை லட்சம் பவுண்டு அளித்தது நகரை வியக்கவைத்தது. காலமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ட்ரென்ட் கப்பல் நிகழ்வால் பிரித்தானியாவும் அமெரிக்காவும் போரின் விளிம்புவரை சென்று சில மாதங்களே ஆகியிருந்தன. கொடையைப் பின்னர் அவர் மொத்தம் 5 லட்சம் பவுண்டாக உயர்த்தினார். சமயமோ அரசியலோ பார்த்துப் பயனாளிகளை விலக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பட்டம் வழங்க முன்வந்தபோது மறுத்துவிட்டார்.

அந்நிதியின் முதல் குடியிருப்பு 1864-இல் இலண்டனின் கமர்சியல் தெருவில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் என்றி டார்பிசயர். உறுதியான செங்கல் கட்டடங்கள். கழிப்பறையும் நீர்த்தொட்டியும் மாடிதோறும் பொதுவாக இருந்தன. அம்மை குத்திக்கொள்ளாதவர்களுக்கு இடமில்லை. இரவில் வாயிற்கதவு பூட்டப்படும். சுவர்களில் காகிதம் ஒட்டவும் தடை. படைவீட்டைப் போன்றது என்று சிலர் குறைகூறினர். அதைவிட முக்கியமான குறை வேறொன்று: வாடகையை வாரந்தோறும் தவறாமல் செலுத்த நிலையான வருமானம் வேண்டும். துறைமுகத்தில் அன்றாடம் கூலிக்குக் காத்துநின்றவர்களிடம் அது இல்லை. எனவே உள்ளே குடியேறியவர்கள் பெரும்பாலும் வேலை உறுதியுள்ள தொழிலாளர்களே. கொடையாளர் எண்ணிய ஏழைகளில் மிக ஏழைகள் வெளியே நின்றனர் என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் அரசு வீடு கட்டித்தராத காலத்தில், சேரிக் கட்டடங்களோடு ஒப்பிட்டால் இவை பெரும் முன்னேற்றம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சிலையை வடித்தவர் ரோமில் வாழ்ந்த அமெரிக்கச் சிற்பி வில்லியம் வெட்மோர் ஸ்டோரி. 1868-இல் பீபடி ரோம் சென்று அவர் முன் அமர்ந்தார். வெண்கல வார்ப்பு மியூனிக்கில் நடந்தது. உரோமானிய அங்கியோ ஏந்திய வாளோ இல்லை. அன்றாட மேலங்கியுடன் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருக்கும் வணிகராகவே அவர் காட்சியளிக்கிறார். பங்குச் சந்தைக்கும் வங்கிகளுக்கும் நடுவே அது பொருத்தமான உருவம்தான்.

பீபடி அவ்வாண்டு இலண்டன் திரும்பி நவம்பர் 4-இல் காலமானார். வெசுட்மின்சுடர் மடத்தில் தற்காலிகமாக வைக்கப்பட்ட உடல், அவர் விருப்பப்படி, பிரித்தானியக் கடற்படையின் மோனார்க் போர்க்கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 1870 பெப்ரவரியில் மாசச்சூசெட்சின் சேலம் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த பகுதி 1868 முதல் பீபடி என்றே அழைக்கப்படுகிறது. சிலையின் மறுவார்ப்பு ஒன்று 1890-இல் பால்டிமோரின் மவுண்ட் வெர்னான் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. அவர் தொடங்கிய வீட்டுவசதி நிதி இன்றும் பீபடி என்ற பெயரில் இயங்கி, இலண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை நிர்வகிக்கிறது.