வெள்ளி நாணயமும் வண்ணக்கன் கண்ணும்



நாணயம் என்னும் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குகின்றனர். கையில் புழங்கும் காசும் நாணயம். மனிதனிடம் இருத்தற்குரிய நேர்மையும் நாணயம். காசு மெய்யானதா போலியா என்று ஆராய்ந்து சொல்வோனை நம் முன்னோர் வண்ணக்கன் என்று அழைத்தனர். புறநானூற்றுப் புலவர் சிலருடைய பெயர்களோடு இச்சொல் சேர்ந்து வருவதை நீங்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் ரூபதர்சகன் என்னும் நாணயப் பரிசோதகனைக் குறிப்பிடுகின்றது. கள்ளக் காசு புதிய நோயன்று என்பதற்கு இவையே சான்று. பழைய வெள்ளி நாணயங்களையும் நினைவு நாணயங்களையும் சேர்க்கும் ஆர்வம் இளைஞரிடையே இன்று மிகுந்துள்ளது. ஆதலின் அவற்றுள் போலியை அறியும் வழிகளை வரலாற்றின் துணைகொண்டு இவ்வுரையில் ஆராய்வோம்.

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை செல்லும் இருப்புப் பாதையில் வாலாஜா ரோடு நிலையத்தில் இறங்கினால் ஆற்காடு அண்மையில் உள்ளது. அவ்வூரின் பெயரால் வழங்கியதே ஆற்காட்டு ரூபாய். நவாபின் நாணயத்தைப் பின்பற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதைத் தத்தம் சாலைகளில் அடித்தனர். அவற்றுள் பலவற்றில் காணும் பெயர் மொகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீருடையது. அவர் 1759ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். எனினும் அவருடைய பெயரையும் ஆட்சியாண்டையும் தாங்கிய ரூபாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னையில் வெளிவந்தன. இதனை அறியாதவன், மன்னர் இறந்த பின் அடித்த காசு என்று கேட்டவுடன் அதைப் போலி என்று தள்ளிவிடுவான். ஆஸ்திரிய நாட்டு மரியா தெரேசா வெள்ளிக் காசும் இத்தகையதே. அது 1780 என்ற ஆண்டையே தாங்கிப் பன்னெடுங்காலம் அடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நம் பம்பாய்ச் சாலையிலும் அடிக்கப்பட்டது. ஆகவே, காசின்மேல் உள்ள ஆண்டை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

அடுத்து, 1835ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காண்போம். அதன்படி கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. இவ்வளவு 1940 வரை மாறவில்லை. ஆனால் எழுத்து மாறியது. 1876 வரை ‘விக்டோரியா குயின்’ என்றிருந்த வாசகம், அரசியார் இந்தியப் பேரரசி என்னும் பட்டத்தை ஏற்றமையால், 1877 முதல் ‘விக்டோரியா எம்பிரஸ்’ ஆயிற்று. எனவே 1862 என்ற ஆண்டும் எம்பிரஸ் என்ற பட்டமும் ஒரே ரூபாயில் சேர்ந்திருப்பின், அக்காசைச் செய்தவன் வரலாறு படிக்காதவன் என்க!

போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டினால் 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதியில் செம்பு 40 பங்கு, நிக்கல் 5 பங்கு, துத்தநாகம் 5 பங்கு. கள்ளக் காசைத் தடுக்கும் பொருட்டு, வரியிட்ட விளிம்பின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுமாறு அமைத்தனர். ஈரச்சு மண்ணில் வார்க்கும் கள்ளனுக்கு இவ்விளிம்பு எளிதில் வாராது. 1947இல் வெள்ளியே நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் பண்டித நேருவுக்காக வெளியிடப்பட்டது. அது நிக்கல். வெள்ளி என்று கூறி அதை ஒருவர் விற்க முற்பட்டால், ஒரு காந்தத்தை அருகே கொண்டு செல்லுங்கள். நிக்கல் ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் உண்மையான வெள்ளி நாணயம்: எடை 15 கிராம், நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1972இல் விடுதலை வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயிலோ வெள்ளி பாதிதான். புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக 2023இல் வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுள்ளது. அதன் கலவை 1940ஆம் ஆண்டு ரூபாயின் கலவையே.

இனி, சோதிக்கும் முறை யாது? வார்த்த காசின் முகத்தில் நுண்ணிய குழிகளும், விளிம்பில் பொருத்திய கோடும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் புலப்படும். அச்சடித்த காசில் அவை இரா. ஆயினும் திறமையான கள்ளன் இவற்றையும் தவிர்த்துவிடுவான். அவனால் ஏமாற்ற இயலாதது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியே. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. பழைய முழு வெள்ளி ரூபாயை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ 1.13 கிராம் எடை இழக்கும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்து முலாம் பூசிய போலி 1.3 கிராம் இழக்கும். எடையைச் சரிசெய்தால் பருமன் கூடுகின்றது. பருமனைச் சரிசெய்தால் எடை குறைகின்றது. பள்ளி ஆய்வகத்து நுண் தராசு இதற்குப் போதும்.

ஆயின் எந்தக் கலவைக்கு எந்த அளவு என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியாய் இருந்து மறைந்த ஒருவரின் மனைவி என்னிடம் பத்து ரூபாய்க் காசுகளைக் கொண்டுவந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவற்றை விற்க முயன்றாராம். ஒரு கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, அனைத்தும் கள்ளக் காசு என்று கூறி, அற்ப விலைக்குக் கேட்டனராம். “ஐயா, என் மாமனார் கூலியிலே மிச்சம் பிடித்துச் சேர்த்தவை இவை. கள்ளக் காசைக் கையாலும் தொடாதவர் அவர்” என்று அவ்வம்மையார் கலங்கினார்.

காசுகளை எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மாணவர் முன்னிலையில் நிறுத்தோம். ஒன்பது காசுகள் 1944, 1945ஆம் ஆண்டினவை. விளிம்பில் பள்ளம் இருந்தது. நீரில் 1.22 கிராம் அளவே எடை இழந்தன. பாதி வெள்ளி ரூபாய்க்கு அதுவே உரிய கணக்கு. உரைகல்லில் மாற்றுக் குறைந்தது கள்ளத்தனத்தால் அன்று, 1940ஆம் ஆண்டு அரசாணையால்! பத்தாவது காசுதான் போலி. வீட்டார் மிகப் பழையதென்று பட்டுத் துணியில் தனியே முடிந்து வைத்திருந்த எம்பிரஸ் காசு, அதன்மேல் 1862 என்ற ஆண்டு. யாரோ அம்முதியவரை ஏமாற்றியிருக்கின்றனர். ஒன்பது காசுகளும் வேறோரிடத்தில் வெள்ளிக்குரிய விலைக்குப் போயின. அவ்வம்மையார் விலையைவிட, மாமனார் மேல் விழுந்த பழி நீங்கியதற்கே மகிழ்ந்தார்.

போலியை மெய்யென்று கொள்பவன் தன் பொருளை இழக்கின்றான். மெய்யைப் போலியென்று கூறுபவனோ பிறர் பொருளையும் பெயரையும் அழிக்கின்றான். இரண்டாவது பெரும் பிழை.

இன்னுமொரு வகைப் போலி உண்டு. ராமர், அனுமன் உருவமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்புக் காசுகளைச் சந்தைகளில் அரிய பொருளென்று விற்கின்றனர். அத்தகைய காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. எனினும் மக்கள் நம்புவதற்குக் காரணம் உண்டு. சென்னைக் கம்பெனி அடித்த பொன் வராகன்களில் திருமால் உருவம் மெய்யாகவே இருந்தது. மெய்யின் நிழலில்தான் பொய் ஒதுங்குகின்றது.

மாணவர்களே! நாணயம் சேர்க்க விரும்பினால் முதலில் பணத்தைச் செலவிடாதீர்கள். 1851இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று மெய்யான காசுகளைப் பலமுறை பாருங்கள். ஒவ்வொரு காசுக்கும் எடை, கலவை, ஆண்டு, வாசகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்துப் பாராமல் வாங்காதீர்கள்; நிறுத்துப் பாராமல் எவர் பொருளையும் போலியென்று பழிக்கவும் செய்யாதீர்கள்.