கித்துல்கலவில் ஹோல்டன்: நட்சத்திரப் படிமமும் திரையில் இடம்பெறாத தோட்டத் தொழிலாளரும்

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே படப்பிடிப்புக்கெனக் கட்டிய மரப்பாலம் 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கு படமான டேவிட் லீனின் ‘குவாய் நதிப் பாலம்’ மறு ஆண்டு ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. சிறந்த நடிகர் விருது அலெக் கின்னஸுக்குக் கிடைத்தது. பெயர்ப் பட்டியலில் முதலிடம் வில்லியம் ஹோல்டனுக்கு. கதையின் களமான, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் இப்படத்தில் இடம்பெறாமற் போனதற்கு, ஹோல்டனின் நட்சத்திரப் படிமத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்ட கதையமைப்பும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1918 இல் இல்லினோய் மாநிலத்தில் பிறந்த ஹோல்டன் ‘கோல்டன் போய்’ (1939) மூலம் புகழ்பெற்றார்; ‘அரிசோனா’ (1940) போன்ற கௌபாய்ப் படங்களில் களங்கமற்ற இளைஞனாகத் தோன்றினார். அந்தப் படிமத்தை ‘சன்செட் புலவார்ட்’ (1950) உடைத்தது. ‘ஸ்டாலாக் 17’ (1953) இல், ஜெர்மானியச் சிறைமுகாமுக்குள் பண்டமாற்று நடத்திப் பிழைக்கும் கைதியாக நடித்து ஒஸ்கார் பெற்றார். தன்னுயிரையே பெரிதாக எண்ணுபவன் இறுதியில் வேண்டாவெறுப்பாக வீரனாவது அவரது முத்திரையாயிற்று. ‘த வைல்ட் பஞ்ச்’ (1969) கொள்ளையர் தலைவன் வரை அது தொடர்ந்தது.

குவாய் படத்தில் ஹோல்டன் ஏற்ற ஷியர்ஸ் பாத்திரமும் அவ்வார்ப்பே. தொடக்கக் காட்சியில், சக கைதியைப் புதைத்துவிட்டு வரும் அவன், நோயாளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க ஜப்பானிய அதிகாரிக்கு ஒரு லைட்டரைக் கையூட்டாகக் கொடுக்கிறான். படத்துக்கு மூலமான பியர் பூலின் நாவலில் ஷியர்ஸ் பிரித்தானிய அதிகாரி. திரையில் அவன் அமெரிக்கன். அவன் தப்பியோடுகையில் கதையும் முகாமை விட்டு வெளியேறி, கல்கிசை ஹோட்டலில் அமைந்த மருத்துவமனைக் காட்சிகளுக்குப் போய்விடுகிறது.

கதை இவ்வாறு விட்டுவிலகிய ரயில்பாதையில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000 க்கும் மேல். ஆசியத் தொழிலாளரின் தொகையும் சாவும் இவற்றை விடப் பன்மடங்கு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். படத்திலோ, பாலத்தைத் தகர்க்கத் திரும்பிவரும் ஷியர்ஸ் குழுவின் சுமைகளைத் தூக்கிவரும் சயாமியப் பெண்களே ஆசிய உழைப்பின் அடையாளமாக எஞ்சுகின்றனர்.

மூலநாவலே கைதிகளைப் பற்றியதுதானே என்று மறுக்கலாம். ஆனால் பூல் 1930களின் பிற்பகுதியில் மலாயா இறப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். தோட்டத் தொழிலாளரை அறியாதவரல்லர். புனைகதைக்கு வரலாற்றுக் கடமை இல்லை என்பதும் இங்கு முழுமையாகப் பொருந்தாது. படத்தில் வந்த பாலத்தைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வந்ததால், தாய்லாந்தில் மே குளோங் ஆற்றின் மேற்பகுதிக்கே 1960 இல் குவாய் யாய் எனப் பெயர் மாற்றினர். ஆற்றின் பெயரையே மாற்றிய படம் மக்களின் நினைவையும் மாற்றும்.

படப்பிடிப்பு நடந்த இடமும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. கித்துல்கலவைச் சூழ்ந்த எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் தமிழகத்திலிருந்து ஆள்சேர்த்தது ஒரே கங்காணி முறைதான். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், படப்பிடிப்புக் காலத்திலும் அந்நிலையிலேயே லயங்களில் வாழ்ந்தனர். சயாம்–பர்மா ரயில்பாதையின் கதை, அதில் மாண்ட தமிழரின் உறவுச் சமூகத்துக்கு அருகிலேயே, மாண்டோருக்கு இடமின்றிப் படமானது.

ஹோல்டன் 1981 இல் மறைந்தார். அவரது நடிப்பின் தரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் குவாய் படத்தை ஆராய்வோர், கித்துல்கல அமைந்த சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் படப்பிடிப்புக் காலத்தை நினைவுகூரக்கூடிய முதியோரின் வாய்மொழிச் சான்றுகளை இனியும் தாமதியாமல் பதிவுசெய்ய வேண்டும்.