நார்ஃபோக் ஏரிகளில் இரையும் இரைகொல்லியும்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் 'பிராட்ஸ்' என வழங்கும் ஆழமற்ற ஏரிகள் இயற்கையாகத் தோன்றியவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. ஆனால் இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகப் பீட் எனப்படும் மட்கிய தாவரக் கரிமண்ணை வெட்டியெடுத்த குழிகளில் பிற்பாடு நீர் புகுந்ததால் உருவானவையே அவை என்பதைத் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1950களில் நிறுவினர்.

தெளிந்த நீரும் அடர்ந்த நீர்த்தாவரங்களும் கொண்டிருந்த இவ்வேரிகளுள் பெரும்பாலானவை, கழிவுநீரும் வயல் உரங்களும் கொண்டுவந்த சத்துக்களால் 20ஆம் நூற்றாண்டில் பாசி மிகுந்து கலங்கின. இம்மாற்றத்தில் இரைக்கும் இரைகொல்லிக்கும் இடையிலான உறவுக்கும் பங்கு உண்டு. நீரை வடிகட்டி மிதவைப் பாசியை உண்ணும் மிகச் சிறிய ஓட்டுடலிகளான நீர்த்தெள்ளுகள், கண்ணால் கண்டு வேட்டையாடும் சிறுமீன்களுக்குப் பகலில் எளிதில் இரையாகக்கூடியவை. நீர்த்தாவரங்கள் இருந்தவரை அவற்றினிடையே ஒளிந்து பிழைத்த அவை, தாவரங்கள் அழிந்தபின் மறைவிடத்தை இழந்தன. ஹோவ்டன் கிரேட் பிராட் ஏரியுடன் இணைந்த நீர்ப்பகுதியில் அல்லிக்கொடிகள் நீர்த்தெள்ளுகளுக்குப் புகலிடமாக விளங்கியதை ஆய்வாளர்கள் டிம்ஸ், பிரையன் மாஸ் ஆகிய இருவரும் 1984இல் விளக்கினர்.

சத்து மிகுந்த நீர் புகாதிருக்க, 1982இல் இப்பகுதியின் காக்ஷூட் பிராட் ஏரி அணையிட்டு ஆற்றிலிருந்து பிரிக்கப்பட்டு, அதன் சேறும் அகற்றப்பட்டது. தொடக்கத்தில் தெளிந்த நீர் நிலைக்காமற்போகவே, பின்னர் நீர்த்தெள்ளுகளை உண்ணும் மீன்களையும் அங்கிருந்து அகற்ற நேர்ந்தது. ஆழமற்ற ஏரி தெளிவதற்குச் சத்துக்களைக் குறைப்பது மட்டும் போதாமற்போகலாம், நீர்த்தெள்ளுகளை மீன்களிடமிருந்து காப்பதும் தேவைப்படலாம் என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.